கழித்துப்போட்ட ‘ம்’

ஆட்டம் வெளிவந்து நான்கு மாதம் கழித்து
இல்மேயை எழுதச் சொன்னார்கள்.
தாம்பரேயில் பிப்ரவரி.
ஏரி, கார் ஓட்டிப் போகுமளவு கெட்டி.
இறக்கிக்கொள்ளும் துணைப்பாத்திரம்;
விலை ஐந்து யூரோவுக்கு ஒரு சென்ட் குறைவு,
எடை ஒன்றரை ஜிபி,
வசனம் ஆறாயிரம் சொல்லைத் தாண்டக் கூடாது.

கைசு கணக்கை நீட்டினாள்.
கப்பலில் ஏற்கெனவே ஆறு பேர்.
ஆறு பேருக்கும் குரல் கொடுத்தவர்கள்
காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயாயிற்று.
மறுபடி கூப்பிட்டு ஒரு வரி பேசவைக்கப் பணமில்லை.
ஆகவே இல்மே யாரோடும் பேசலாம்,
யாரும் அவளுக்குப் பதில் சொல்லக் கூடாது.

இலை எடுத்த பிறகு பந்திக்கு வந்தவள் என்றேன்.
“அப்படியே எழுதிவிடேன்” என்றாள்,
மேசைக்கடியில் தன் ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டு.

எழுதினேன்.
வியாழனுக்கு அப்பால் ஒரு எரிபொருள் கிடங்கில்
பதினோரு வருடம் தனியாகக் காவல் இருந்தவள்.
தானே கேட்டு, தானே “இருக்கலாம்” என்று
சொல்லிக்கொள்ளப் பழகியவள்.
சரக்கறையில் குளிரூட்டிக்குப் பின்னால்
நான்கு மாதமாய் எல்லோரும் தட்டிப் பார்த்துத் திரும்பிய
அந்தப் பூட்டிய கதவு
அவளுடைய அறை ஆனது.
நன்றாகச் சுடுவாள்.
ஆனால் இறுதிப் போர் எப்போதோ முடித்துவைத்த காட்சி;
வென்றவர்கள் வரிசையில் நிற்கும்போது
ஆறு நிழல்தான் தரையில் விழும்.
அந்த நேரம் பார்த்துக்
கீழ்த்தளத்தில் அவளுக்கு ஏதோ வேலை என்று
நாமாக வைத்துக்கொள்ள வேண்டியது.

குரல் கொடுக்க வந்த பிர்யோ
காலையில் மழலையர் பள்ளி,
மதியத்துக்கு மேல் எங்கள் கண்ணாடி அறை.
ஒவ்வொரு வரி முடிந்தும்
இரண்டு விநாடி சும்மா நின்றாள்.
எதற்கு என்றேன்.
“அவரும் பேசட்டுமே.”

அந்த இரண்டு விநாடிகளை
ஒன்றொன்றாக வெட்டுவது யோர்மாவின் வேலை.
வெட்டினான். நூற்றுச் சொச்சம்.
ஓரிடத்தில் மட்டும் கை வரவில்லை என்றான்:

“கிடங்கில் இருந்தபோது
யாராவது வந்தால் என்ன சமைப்பது என்று
தினம் யோசிப்பேன்.
உனக்கு உப்பு கூடவா, குறையவா?”

எஞ்சின் அறைக் கிழவரிடம் அவள் கேட்பது.
கிழவரின் குரல், ரெய்னோ,
இப்போது ஓவ்லுவில் ஏதோ நாடகத்தில்.

மூன்று இரவு யோர்மா
பழைய பதிவுகளின் குப்பையைக் கிளறினான்.
தொண்டைச் செருமல். தாள் புரளல்.
நாற்காலியின் முனகல்.
தம்மேலா சந்தையில் ரத்தத் தொத்திறைச்சிக் கடை
இன்னும் திறந்திருக்குமா என்று ஒரு கேள்வி.
நானூற்றுப் பதினேழாவது கோப்பில்
யாரோ “தண்ணீர் வேண்டுமா?” என்கிறார்கள்.
ரெய்னோ,
கிழவராகவும் இல்லாமல் முழுக்கத் தானாகவும் இல்லாமல்,
“ம்” என்கிறார்.

எடுத்து வைத்தான்.
சரியாக இரண்டாவது விநாடி.
கைசு கேட்டாள்.
ஒப்பந்தத்தில் இதற்கு இடமுண்டா என்று
வாய் திறந்தவள்,
வெளியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு காப்பி எடுக்கப் போய்விட்டாள்.

வசந்தத்தில் கெமியிலிருந்து ஒரு அஞ்சலட்டை.
சைலா, மருத்துவமனையில் இரவுப் பணி.
அந்த ‘ம்’ ஒரே ஒரு தடவைதான் வருகிறது,
அதற்குப் பிறகு எத்தனை முறை
எஞ்சின் அறைக்குக் கூட்டிப்போனாலும் கிழவர் வாய் திறப்பதில்லை,
ஆகவே அதற்குச் சற்று முன்னால்
ஒரு சேவ் வைத்திருக்கிறேன்,
வேலை முடிந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றாமலே
அங்கிருந்து தொடங்குவேன் என்று எழுதியிருந்தாள்.
இடம் போதாமல் ஓரத்தில், செங்குத்தாக:
அவர் சொன்னது கூடவா, குறையவா?

யோர்மாவிடம் காட்டினேன்.
கோப்பை மறுபடி ஓட்டினான்.
‘ம்.’
“குறைய” என்றான்.

எனக்குக் கூட என்று கேட்டது.